அச்சில் விழாத சிரிப்பு

வங்காலை போன்ற மன்னார்க் கடற்கரை ஊர்களின் நாட்டுக்கூத்து ஏடுகளைப் பக்திப் பிரதிகள் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அவை துணிந்த எழுத்துச் சோதனைகளாகவே படுகின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் வேரூன்றிய கத்தோலிக்கப் புனிதர் கதைகளை எடுத்து விருத்தம், தரு, வசனம் எனத் தமிழ் வடிவங்களில் அமர்த்தி, ஐரோப்பிய அரசனைத் தமிழ் ராசாவைப் போல ஆடிக்கொண்டு சபைக்கு வரவைத்தார்கள். இரவல் கதைதானே என்பார்கள். கம்பனுக்கும் கதை இரவல்தான். புதுமை கதையில் இல்லை, அதைச் சொல்லும் ஓசையில் இருக்கிறது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இவ்வேடுகளிலிருந்து 1964இல் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ நாடகத்தையும், 1966இல் ‘மூவிராசாக்கள்’ நாடகத்தையும் பதிப்பித்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் கறையான்தான் கடைசி வாசகனாயிருக்கும். ஆனாலும் அச்சுப் புத்தகத்தில் ஒன்று குறைகிறது: நகைச்சுவை. விடிய விடிய ஆடும் கூத்தில் கட்டியகாரன் ஏட்டை விட்டு விலகி அன்றைய மீன் விலையையோ சபையில் குறட்டை விடுபவரையோ இழுத்துப் பேசலாம். முடி தரித்த மன்னன் காலையில் வலை பொத்தியவன் என்பது சபைக்குத் தெரியும். அவனுடைய கம்பீரமே பாதிச் சிரிப்பு. இத்தகைய பகிடி நாடகத்தின் தரத்தைக் கெடுக்கும் என்று பதிப்பாளர் கவலைப்படலாம். கெடுக்காது; புனிதரின் வேதனையை நள்ளிரவு தாண்டியும் கண் விழித்துப் பார்க்க வைப்பது அதுதான். இனிப் பதிப்பிப்பவர்கள் கூத்தைப் பழக்கும் அண்ணாவிமாரின் வாய்ச்சொல்லையும் ஓரக்குறிப்பாகவாவது சேர்க்கட்டும்.