சருகும் குழாயும்

கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் பழமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவோரைக் காண்பது அரிது. மேலே தென்னை, பலா, கமுகு. நடுவில் ஆனைக்கொய்யா, சாதிக்காய். தண்டைப் பற்றி ஏறும் மிளகு. அடியில் வாழையும் கோப்பியும். இத்தனை அடுக்கையும் கடந்துதான் வெயில் மண்ணுக்கு வர வேண்டும். வந்தாலும் அங்கே சருகு மெத்தை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் ஒரு பங்கை அந்தச் சருகுதான் மண்ணில் தக்கவைத்து, பெப்ரவரி, மார்ச் வறட்சியில் வேருக்குக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டின் மாம்பழ மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு இதில் பாதி மழைகூட இல்லை. வரிசையாக மாமரம், இடையில் உழுத வெறும் மண், நீருக்கு ஆழ்துளைக் கிணறு. அங்கே சிக்கனம் குழாயில் இருக்கிறது. மணிக்கு 8 லீற்றர் விடும் நான்கு சொட்டுவான்கள் ஒன்றரை மணி நேரம் ஓடினால் மரத்துக்கு 48 லீற்றர். வட்டப்பாத்தியை நிரப்ப இதைவிட மிக அதிகம் வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருவதால் சொட்டுநீர் பரவியது. ஆனால் பம்புக்கு மின்சாரம் இலவசம். மிச்சமான நீரைக் கிணற்றிலேயே விட்டுவைக்க மனம் வருமா? இன்னும் ஓர் ஏக்கருக்குப் பாய்ச்சத்தான் தோன்றும்.

மழை ஊரும் வறண்ட ஊரும் வேறு வேறு என்று விட்டுவிடலாம், கண்டி மாவட்டம் நகரத்தோடு முடிந்திருந்தால். நக்கிள்ஸ் மலைக்குக் கிழக்கே ஹசலக, மினிப்பே பக்கம் இறங்குங்கள். தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வறட்சிதான். அங்கே மாந்தோட்டம் போடுபவருக்குக் கிருஷ்ணகிரிக் கணக்குத் தேவை. பம்பு ஓடும் செலவு மட்டும் இங்கே அவரவர் கையிலிருந்து போகிறது. அதுவே நல்ல கடிவாளம்.

ஆகவே முதலில் சருகு, பிறகு குழாய். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனம் தென்னைக்குச் சொல்லும் முறை ஒன்று உண்டு: மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, பொச்சுமட்டையை அடுக்கிப் புதைப்பது. மழையில் உறிஞ்சிய நீரை அது வறட்சியில் மெல்லக் கசியவிடும். மாமரத்துக்கும் அதைச் செய்யலாம். வேலிச் சீமைக்கிளுவையை வெட்டி மேலே பரப்பினால் மூடாக்கு. அதன் அடியில் குழாய் போனால் 48 லீற்றரில் வெயில் குடிக்கும் பங்கும் வேருக்கே சேரும். கிருஷ்ணகிரி கண்டியிடம் கற்க வேண்டியதும் இதுதான்.

குழாய்க்கும் வடிகட்டிக்கும் காசு சேரும்வரை ஹசலகக்காரர் காத்திருக்க வேண்டாம். மண்வெட்டி போதும், ஒக்டோபர் மழைக்கு முன் குழி தயாராகிவிட வேண்டும், அவ்வளவுதான்.