இரவல் வீடு

பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதா, வேறொரு குடும்பத்திடம் ஒப்படைப்பதா என்ற கேள்விக்கு ருமேனியா மிகுந்த விலை கொடுத்து விடை கண்டது. அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க வழியில்லாதவர்கள் பெற்ற பிள்ளைகளை அரசு இல்லங்கள் வாங்கிக்கொண்டன. 1989-இல் அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அந்த இல்லங்களின் தொட்டில் வரிசைகளை வெளியுலகம் பார்த்தது.

சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் இல்லங்களிலிருந்து 6 மாதம் முதல் 31 மாதம் வரையிலான 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மீதிப் பேர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகள் அறிவுத்திறனிலும் பேச்சிலும் மனிதரோடு ஒட்டுவதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்பும் மட்டும் வீடு மாறியும் போகவில்லை. குலுக்கலில் பெயர் வராத பாதியை நினைத்தால் எனக்கு இந்த ஆய்வு இன்றும் உறுத்துகிறது. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் வைப்பதற்கு 2004-இல் ருமேனியச் சட்டம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, அதற்கு வலுச்சேர்க்க இந்த ஆய்வின் தொடக்கநிலைச் சான்றுகளும் இருந்தன.

வீடு என்றாலே நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்கள் சுவிட்சர்லாந்தையும் பார்க்க வேண்டும். ஏழைகளின், மணமாகாத தாய்மாரின் பிள்ளைகளை அங்கே அதிகாரிகள் பண்ணை வீடுகளில் விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் இது நடந்தது. பெயர் வளர்ப்பு, நடந்தது பண்ணை வேலை, பல இடங்களில் அடி உதையோடு. 2013-இல் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. பிறகு ஒருவருக்கு 25,000 பிராங்க் இழப்பீடு என்று சட்டமும் செய்தது. அங்கும் பிள்ளைக்கு வீடு இருந்தது. கதவைத் தட்டி, பிள்ளையைத் தனியே கூப்பிட்டு விசாரிக்க ஆள்தான் இல்லை. நம் ஊரில் ‘கூடமாட ஒத்தாசையாக இருக்கட்டும்’ என்று அழைத்துவரப்பட்டு, ‘எங்கள் வீட்டுப் பெண் மாதிரி’ என்ற பேச்சோடு பாத்திரம் துலக்கி வளர்ந்த சிறுமிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இந்த ஆபத்தை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 44-ஆம் பிரிவின்படி, வளர்ப்புக் குடும்பத்தைக் குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். அண்ணன் தங்கையைக் கூடியவரை பிரிக்கக் கூடாது. பெற்றோர் தகுதியற்றவர் என்று கருதிப் பிள்ளையை மாற்றியிருந்தாலும், அவர்கள் வந்து பார்க்கலாம். நிலைமை சீரானால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம். ஏட்டில் இதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் அந்தக் குழு என்பது தலைவரும் நான்கு உறுப்பினர்களும். மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர்வு வேறு. வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை, வேலையிலிருந்து மீட்ட பிள்ளை, வன்முறைக்கு ஆளான பிள்ளை என்று மாவட்டத்தின் எல்லா வழக்கும் அவர்கள் முன்தான் வருகின்றன. இதற்கிடையே மாதாமாதம் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்கள்? ஆள் போடாமல் விதி போட்டது இத்திட்டத்தின் பெரிய ஓட்டை.

2024-இல் திருத்தப்பட்ட வளர்ப்புக் குடும்ப வழிகாட்டு நெறிகள் 35 முதல் 60 வயதுவரையுள்ள தனிநபர்களுக்கும் கதவைத் திறந்தன. இதை வரவேற்கிறேன். கணவன் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியையால் பிள்ளை வளர்க்க முடியாது என்று இத்தனை காலம் எதை வைத்து நினைத்தார்கள்? இன்னொரு திருத்தத்தில்தான் தயக்கம். வளர்க்கும் பிள்ளையையே தத்தெடுக்க முன்பு ஐந்து ஆண்டு ஆக வேண்டும். இப்போது இரண்டு போதும். யாரும் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு இது நல்லதுதான். ஆனால் தத்துக்காகக் காத்திருந்து சலித்தவர்களுக்கு இது குறுக்கு வழியாகவும் தெரியும். அப்படி வருபவர், பிள்ளையைப் பார்க்க வரும் பெற்ற தாயை எந்த முகத்தோடு வரவேற்பார்? பிள்ளை திரும்பிப் போகாதிருப்பதே தமக்கு லாபம் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, திருப்பி அனுப்பவும் உதவு என்று அவரிடமே கேட்கிறோம்.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புக் குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய். அதே திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவில், பிள்ளையைத் தன்னோடே வைத்துக்கொள்ளும் ஏழைத் தாய்க்கும் அதே 4,000. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வழியில்லாமல் கொண்டுவந்து விட்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடுவதற்கு முன், அந்த 4,000 ரூபாய்க்கான விண்ணப்பத்தை யாராவது அந்தத் தாயிடம் நீட்டினார்களா என்று குழந்தைகள் நலக் குழு முதல் அமர்விலேயே கேட்க வேண்டும்.