பலகையைத் தட்டிப் பாருங்கள்

பருத்தித்துறைப் பக்கம் பழைய படகு வாங்க வருகிற மனிதர் நிறத்தைப் பார்க்க மாட்டார். கையோடு கொண்டுவந்த சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் படகின் பின்பலகையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடத்தில் இறுக்கமான சத்தம் வரும். உள்ளே தண்ணீர் ஊறிய இடத்தில் பூசணிக்காயைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். அந்த இடங்களைக் கரித்துண்டால் வட்டமிட்டுவிட்டுத்தான் விலை பேசுவார்.

நான் இலங்கை, தமிழகம் என இரண்டு கரையிலும் படகு திருத்தும் வேலையைப் பார்த்தவன். 1990இல் அகதியாக மண்டபம் முகாமில் இறங்கி, பிறகு நாகப்பட்டினம் பக்கம் போய், சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் ஃபைபர் படகு கட்டும் ஒரு கொட்டகையில் கூலிக்கு நின்றேன். போர் முடிந்து ஊர் திரும்பியபின் பதினெட்டடிப் படகு ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, என் கையாலேயே திருத்தினேன். எங்கே காசு போடலாம், எங்கே போடக் கூடாது என்பதில் இரு கரைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் படகுதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

எங்கள் பக்கம் ஃபைபர் பழையது. காரைநகரில் நோர்வே நாட்டு உதவியோடு 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சீநோர் நிறுவனத்தின் படகுகளைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை எங்களுடையது. தமிழகக் கரையிலோ பெருவாரியான கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் பிடித்தது சுனாமி வந்த 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. உதவிப் பணம் ஒரே நேரத்தில் வந்து கொட்டியது. கொட்டகைகள் இரவோடு இரவாக முளைத்தன. அவற்றில் நல்ல படகும் வந்தது, இரண்டு வருடம் தாங்காத படகும் வந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஃபைபர் படகு கட்டுவதற்கென்று பயிற்சிக் கையேடே வெளியிட்டது. அவசரத்தில் கட்டிய அந்தப் படகுகளில் பலவற்றைத்தான் பின்னாளில் திருத்த வேண்டிவந்தது.

கடல் வேறு என்பதால் காயமும் வேறு. சென்னையிலிருந்து நாகை வரை திறந்த கரை. இருபத்தைந்து, முப்பதடி நீளப் படகு அலையைப் பிளந்து வந்து மணலில் ஏறுகிறது. முன்பு ஆட்கள் தள்ளினார்கள், இப்போது பல ஊர்களில் டிராக்டர் இழுக்கிறது. அடியின் நடுவில் நீளமாக ஓடும் ஏரா உப்புத்தாளில் தேய்த்த மாதிரித் தேய்ந்துபோகும். டீசல் எஞ்சினில் நீண்ட தண்டைப் பூட்டிய 'லாங் டெயில்' ஓயாமல் அதிர்வதால் அது உட்காரும் கட்டையைச் சுற்றி விரிசல் விடும். யாழ்ப்பாணத்துப் படகு சிறியது, பெரும்பாலும் தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பது. அடியை முருகைக்கல் கீறும். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மேற்பூச்சில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். வெளியிணைப்பு இயந்திரத்தின் முழு உந்தலும் பின்பலகையில் விழுகிறது. அதன் நடுவில் இருப்பது மரம். போல்ட் துளையை ஒழுங்காக அடைக்காமல் விட்டால் மரம் உள்ளுக்குள்ளேயே சத்தமில்லாமல் உக்கிப்போகும்.

நாகைக் கொட்டகையில் இப்படி ஒரு படகு வந்தால் மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, ரெண்டு மேட் போட்டு ஒட்டிரலாம், நாளைக்கே கடலுக்குப் போங்க." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரருக்கு ஒரு நாள் கரையில் நின்றாலும் கடன் ஏறும். ரெசினும், மேட் எனப்படும் கண்ணாடி நார்ப் பாயும் இந்தியாவிலேயே தயாராகின்றன, பைக்கில் போய் வாங்கி வரலாம். அதனால் ஒட்டின் மேல் ஒட்டு. அடுத்த வருடம் இன்னொன்று. அப்படிப் பத்து வருடம் ஒட்டிய படகு ஒன்றை ஒருமுறை வெட்டித் திறந்தோம். வெளியே மூன்று விரல் தடிப்பில் ஃபைபர். உள்ளே இருந்த பலகை ஈரப் புகையிலை மாதிரிக் கையோடு வந்தது. மூன்று புதுப் பலகைக்கான பொருள் அந்த ஒட்டுகளுக்குள் கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் அந்த வசதி என்றைக்கும் இருந்ததில்லை. ரெசின் இறக்குமதிச் சரக்கு. போர்க்காலத்தில் எரிபொருளுக்கே தவம் கிடந்த ஊர். 2022இல் ரூபாய் சரிந்தபோது எல்லா விலையும் மேலே போனது. ஆகஸ்டில், எங்கள் படகு இயந்திரங்கள் எரிக்கும் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. ஒரு கிலோ ரெசினை வீணாக்கினால் ஒரு நாள் தொழில் போன மாதிரி. ஆகவே இங்கே ஆட்கள் முதலில் வெட்டுகிறார்கள், பிறகுதான் ஒட்டுகிறார்கள். என் படகைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார்: "தம்பி, காசைப் பெயின்றிலை கொட்டாதை. பலகையிலை போடு."

அவர் சொன்னபடியே செய்தேன். பின்பலகையின் உட்பக்கத் தோலைக் கிரைண்டரால் வெட்டி எடுத்து, உக்கிய மரத்தை உளியால் சுரண்டி, மரைன் பிளைவுட் வைத்தேன். பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஆறு அடுக்கு என்றால் கண்ணாடி நார் மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடும். ரெசின் அதைப்போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு, அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேலே. படகின் உயிரைக் காப்பாற்ற வேண்டிய பொருள் இவ்வளவுதான். இதைக் கணக்குப் போடாமல் கடைக்குப் போகிறவர் இரட்டிப்பாக வாங்கி வருவார். மிஞ்சிய ரெசின் டப்பாவுக்குள்ளேயே கட்டிபட்டுக் கிடக்கும்.

ஓரத்தைச் சாய்த்துத் தேய்ப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தோல் ஆறு மில்லிமீட்டர் தடிப்பு என்றால் காயத்தைச் சுற்றி ஏழு சென்டிமீட்டராவது சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சரிவில்தான் புது அடுக்கு பழையதைப் பிடித்துக்கொள்கிறது. கொட்டகைகளில் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் கிலோவுக்குப் பத்து முதல் இருபது மில்லி. வெயில் ஏறினால் அளவு குறைய வேண்டும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ஹார்ட்னரோடு நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கி முடித்தபிறகே ஹார்ட்னர். இரு கரையிலும் முகத்தில் துணிகூடக் கட்டாமல் தேய்க்கிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தத் தூள் தோலில் பட்டால் அரிப்பு, நெஞ்சுக்குள் போனால் வருத்தம். ஒரு நல்ல முகமூடிக்குக் காசு பார்க்கக் கூடாது.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை: காயவிடுவது. ஊறிய ஃபைபர் மேல் ரெசின் பிடிக்காது. நம் அப்பன் பாட்டன்களுக்கு இது தெரியாத விஷயமா? கட்டுமரத்துக் கட்டைகளைக் கரையேறியதும் அவிழ்த்துப் போட்டுக் காயவைத்தார்கள். ஈரம் ஏறிய கட்டை பாரம் என்று குழந்தைக்கும் தெரியும். மர வள்ளத்துக்குக் கலப்பற்றுப் போடுவதற்கு முன்னும் பொருத்துகள் காயும்வரை காத்திருந்தார்கள். ஃபைபர் வந்ததும், இது பிளாஸ்டிக்தானே, தண்ணீர் குடிக்காது என்று இரு கரையும் நம்பிவிட்டது. என் படகின் மிதவை அறையைத் திறந்தபோது உள்ளே இருந்த ஃபோம் பிழிந்தால் வடிகிற அளவுக்கு நனைந்திருந்தது. மூன்று யூரியாப் பை நிறைய அள்ளிப் போட்டேன். ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் பாரத்தைச் சுமக்க எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் எரிந்திருக்கும்! அறையைத் திறந்து, படகைக் கட்டைகள் மேல் கவிழ்த்து, சோளகக் காற்றில் ஆறு வாரம் விட்டேன். தொழில் இல்லாமல் ஆறு வாரம் கஷ்டம்தான். ஆனால் அந்தப் பின்பலகை இன்றைக்கும் தட்டினால் கல் மாதிரி ஒலிக்கிறது.

தமிழகக் கரையிலிருந்து நான் கொண்டுவந்த பாடமும் உண்டு. ஏராவின் அடியில், தேய்வதற்கென்றே ஒரு தனிப் பட்டை போடுவது. மணல் அதைத்தான் தின்னும், படகைத் தொடாது. பட்டை தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றினால் போதும். என் படகுக்கு முருகைக்கல்லை நினைத்து அதே பட்டையைப் போட்டேன். முதலில் சிரித்தவர்கள் இப்போது தங்கள் படகுக்கும் கேட்கிறார்கள். இயந்திர விஷயத்திலும் அந்தக் கரைக்கே என் வாக்கு. லாங் டெயில் எஞ்சினை ஊரில் உள்ள எந்த டீசல் மெக்கானிக்கும் பிரித்துப் போடுவார். எங்கள் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு ஒரு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். படகில் மிச்சம் பிடித்ததை இயந்திரம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

நிறம் பூசுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் காசு மிஞ்சினால் பூசலாம். பதிவெண்ணை மட்டும் தேய்ப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். அங்கே 'ஐ.என்.டி.' என்றும் இங்கே 'ஓ.எஃப்.ஆர்.பி.' என்றும் தொடங்கும் அந்த எழுத்துகள் அழிந்துவிட்டால் நடுக்கடலில் கடற்படைக்குப் பதில் சொல்வது யார்?

கைவிட்ட ஃபைபர் படகு உக்காது. மர வள்ளம் விறகானது. ஃபைபரை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். இரு கரையிலும் தாழைப் புதருக்குள் எத்தனை படகு ஓடுகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் பாதியாவது பின்பலகை ஒன்று மாற்றினால் கடலுக்குப் போகக்கூடியவை என்பது என் அனுபவத்தின் கணிப்பு.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களையும், அக்கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையும் நான் கேட்பது இதுதான். ரெசினைப் பீப்பாயாக வாங்கி, உறுப்பினருக்குக் கிலோக் கணக்கில் பிரித்துக் கொடுங்கள். சில்லறைக் கடையில் தேதி முடிந்த ரெசினை வாங்கி, இறுகாத பலகையோடு நான் ஒரு மாதம் தவித்தது இன்னொருவருக்கு வேண்டாம். சங்கத்துக்கு ஒரு கிரைண்டர், ஒரு தராசு, நாலு முகமூடி, மழை படாத ஒரு கொட்டகை போதும். வாடை தொடங்குவதற்கு முன்பே படகுகளை ஏற்றிக் கவிழ்த்துக் காயவிட இடம் ஒதுக்குங்கள்.