காஸ்டர்பிரிட்ஜின் கொல்லைப்புறம்

தாமஸ் ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' நாவலைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதை ஹென்சார்ட் என்ற ஒரு மனிதனின் வீழ்ச்சியாகவே பார்த்திருக்கிறார்கள். ரம் கலந்த கோதுமைக் கஞ்சியின் போதையில், சந்தையில் வைத்து மனைவியையும் குழந்தையையும் ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றவன். பிறகு குடியை விட்டுத் தானிய வியாபாரியாகி, மேயராகி, கடைசியில் ஒரு குடிசையில் அநாதையாகச் சாகிறான். கிரேக்க நாடகத்துக்கு இணையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கென்னவோ ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அந்த மனிதனுக்குச் சமமாக அந்த ஊரும் எழுந்து நிற்கிறது.

ஊர் டார்செட் ஜில்லாவின் டார்செஸ்டர். ஹார்டி பெயரைத்தான் மாற்றினார். 1840-ல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அவர், 1856-ல் டார்செஸ்டர் தெற்குத் தெருவில் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஊரை முதலில் வரைபடமாகக் கற்றுக்கொண்டு பிறகு நாவலாக எழுதியவர் என்று சொல்லலாம். ரோமானியர் காலத்து ஊர் அது. அவர்கள் எழுப்பிய மதில் இருந்த இடத்தில் இன்று மரநிழல் நடைபாதைகள் இருக்கின்றன. ஊருக்குத் தெற்கே உள்ள வட்டமான மண்மேட்டை ரோமானியர் விளையாட்டரங்கமாக்கினார்கள். பிற்காலத்தில் அதே இடத்தில் ஜனங்கள் கூடி நின்று மரண தண்டனையைப் பார்த்தார்கள். நாவலில் ஹென்சார்ட் தான் விற்ற மனைவியை மறுபடி சந்திப்பது அங்கேதான். ஹார்டி 1885-ல் தாமே வரைந்து கட்டிய 'மாக்ஸ் கேட்' வீட்டுக்கு மண் தோண்டியபோது ரோமானியர் காலத்து எலும்புக்கூடுகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு நாவல் 'கிராஃபிக்' பத்திரிகையில் தொடராக வந்தது.

காஸ்டர்பிரிட்ஜுக்குப் புறநகர் கிடையாது. தெரு முடிந்ததும் கோதுமை வயல் தொடங்கிவிடுகிறது. வாசகர்கள் இதில் சொக்கிப்போவார்கள். ஹார்டியும் சற்றுச் சொக்கித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த அழகுக்கு ஒரு நிலச் சொந்தக்காரர் காரணம். ஊரை ஒட்டியிருந்த ஃபோர்டிங்டன் வயல்கள், இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்கு வருமானம் தரும் கார்ன்வால் டச்சி என்ற சொத்தைச் சேர்ந்தவை. 1870-கள் வரை அவை பொது உழவு நிலமாகவே கிடந்தன. ஊர் வெளியே நீள வழியில்லை. பிழைக்க வந்த ஏழைகள் ஃபிரோம் ஆற்றோரம் மில் தெருவில் ஒருவர் மேல் ஒருவராக அடைந்தார்கள்.

1854-ல் லண்டன் சிறை ஒன்றில் காலரா பரவியபோது கைதிகளை டார்செஸ்டருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் துணியைக் கூலிக்கு வெளுத்தவர்கள் ஃபோர்டிங்டன் பெண்கள். காலரா அந்தத் துணியோடு வந்தது. பாதிரியார் ஹென்றி மௌல் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தார். அதோடு நிற்காமல், டச்சியின் நிர்வாக சபைக்குத் தலைவராயிருந்த ஆல்பர்ட் இளவரசருக்கு எட்டுக் கடிதங்கள் எழுதி அச்சிட்டும் வெளியிட்டார். பிற்பாடு மண் போட்டு மூடும் கக்கூஸைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். அவருடைய மகன் ஹோரஸ், ஹார்டியின் நெருங்கிய நண்பர்.

நாவலின் 'மிக்ஸன் லேன்' இந்த மில் தெருதான். மிக்ஸன் என்றால் எருக்குப்பை. ஹென்சார்டுக்கு லூஸெட்டா முன்பு எழுதிய காதல் கடிதங்கள் இந்தச் சந்தின் சாராயக்கடையில் படிக்கப்படுகின்றன. பிறகு அவளைப்போலவும் ஹென்சார்டைப்போலவும் பொம்மை செய்து கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறார்கள். அதைப் பார்த்து அவள் விழுந்து, செத்தும் போகிறாள். இது வலிந்து புகுத்திய சம்பவம் என்பது பலருடைய அபிப்பிராயம். நான் ஒப்பமாட்டேன். கடைவீதியின் கௌரவத்துக்குக் கொல்லைப்புறம் கொடுக்கும் பதில் அது. ஹார்டியிடம் எனக்குள்ள குறை வேறு. ஹென்சார்டுக்குள் இறங்கியவர் மிக்ஸன் லேனில் ஒருவருக்குள்ளும் இறங்கவில்லை. மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு சந்தைக் கடந்துவிடுகிறார்.

கூலிக்காரர்களை அவர் அறியாதவரல்ல. ஏபெல் விட்டிலை ஹென்சார்ட் கால்சட்டைகூட இல்லாமல் வேலைக்கு விரட்டுகிறான். அதே ஹென்சார்ட்தான் விட்டிலின் தாய்க்குக் குளிர்காலத்தில் கரி அனுப்பியவன். ஃபார்ஃப்ரே முதலாளியானதும் வாரக் கூலியில் ஒரு ஷில்லிங் குறைகிறது, பயமும் போய்விடுகிறது. விட்டில் அதுவே மேல் என்கிறான். பழமைக்கும் புதுமைக்கும் இதைவிட நேர்மையான கணக்கு ஆங்கில நாவலில் நான் படித்ததில்லை.

அந்த டச்சி நிலத்தில், டார்செஸ்டருக்கு மேற்கே, 1993-ல் பவுண்ட்பரி என்ற புதுக் குடியிருப்பு எழத் தொடங்கியது. அப்போது இளவரசராயிருந்த மூன்றாம் சார்லஸ் மன்னரின் ஆசை அது. திட்டம் வகுத்தவர் லியோன் கிரியேர். பழைய பாணி வீடுகள், வளைந்த தெருக்கள். நாடக மேடைப் படுதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. வீடுகளில் சுமார் 35 சதவிகிதம் வசதி குறைந்தவர்களுக்கு. அவை தனிச் சந்தாக ஒதுக்கப்படாமல் மற்ற வீடுகளுக்கு நடுவே, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி இருக்கின்றன. வேலைத்தலங்களும் கூடவே. மௌல் பாதிரியாரின் கடிதங்களுக்குச் சுமார் நூற்றைம்பது ஆண்டு தாமதமாக வந்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் 2000-ல் அங்கே கட்டிய மண்டபத்தின் படத்தைப் பார்த்தபோது மனம் ஒட்டவில்லை. பழைய சந்தைக் கட்டடங்களைப்போல் கீழே திறந்த தூண்கள், மேலே கூடம். ஹார்டியின் ஊரில் முதலில் கோதுமை வந்தது; அதற்காகத்தான் தூண் வந்தது. மழை பெய்தால் கடைவீதி முழுவதும் முகம் மாறுகிற ஊர் அது. ரயிலடிக்குப் பக்கத்து மதுவடிசாலையின் கதையும் இதே வகை. 1968-ல் ஹார்டி பெயரிலேயே ஒரு பீர் வடித்த இடம். 2003-ல் காய்ச்சுவதை நிறுத்தியது; இப்போது குடியிருப்பும் கடைகளும் சினிமாவும். சுவர் நிற்கிறது, மால்ட் வாசனை இல்லை.

தெற்குத் தெருவில், பிற்காலத்தில் வங்கியான ஒரு செங்கல் வீட்டில், காஸ்டர்பிரிட்ஜ் மேயர் வசித்ததாகக் கருதப்படும் வீடு இது என்று பலகை பதித்திருக்கிறார்கள். தன்னை யாரும் நினைக்கவேண்டாம் என்று உயில் எழுதிவைத்துச் செத்த பாத்திரத்துக்குப் பலகை! மில் தெருவுக்கு வேறு மாதிரி நடந்தது. 1928-ல் ஹார்டி இறந்தபின், அவருடைய இரண்டாம் மனைவி ஃபுளோரன்ஸ், அங்கிருந்த பாழடைந்த வீடுகளை எடுத்துவிட்டு நல்ல வீடுகள் கட்டப் பாடுபட்ட ஒரு சங்கத்தில் உழைத்தார்.