பீட்டர் ஃபால்க்: ஒரே தயக்கம், இரண்டு திரைகள்

1974 அக்டோபரில் அமெரிக்கர்கள் பீட்டர் ஃபால்க்கை இரண்டு இடங்களில் பார்க்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் என்பிசி தொலைக்காட்சியில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையின் கொலை வழக்குப் பிரிவு லெப்டினன்ட் கொலம்போ. கசங்கிய மழைக்கோட்டு, பாதி எரிந்த சுருட்டு, எதையோ மறந்துவிட்டதுபோல் நெற்றிக்குப் போகும் கை. அதே மாதம் நியூயார்க் திரைப்பட விழாவில் ஜான் கசவெடிஸ் இயக்கிய ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ திரையிடப்பட்டது. அதில் அவர் நிக் லொங்கெட்டி. மனநிலை குலைந்துகொண்டிருக்கும் மனைவியிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் கத்துகிற, கை நீட்டுகிற, மறுகணமே கட்டியணைக்கிற ஒரு கட்டுமானத் தொழிலாளி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கை அதேதான். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றைத் தொடங்கும் பழக்கம் அதேதான். சொல் கிடைக்காமல் திணறும் அந்த அரை விநாடியும் அதேதான். கொலம்போவிடம் அது தந்திரம். நிக்கிடம் அது இயலாமை.

ஃபால்க்கைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இருவரையும் பிரித்தே பேசுகிறார்கள். தொலைக்காட்சி ரசிகர்களுக்குக் கொலம்போ போதும். சினிமா விமர்சகர்களோ கசவெடிஸைப் பேசும்போது தொடரை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு இது ஒரே தொழில்வாழ்க்கையாகத்தான் தெரிகிறது. ஒரே கருவியை எதிரெதிர்ப் பொருளில் பயன்படுத்திய நடிகர் அவர். ஒரு பக்கத்து வேலை இல்லையென்றால் மறுபக்கத்து வேலை, பணக்கணக்கில் பார்த்தாலும், நடந்திருக்காது.

ஃபால்க் நடிப்புக்குத் தாமதமாக வந்தவர். 1927 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் நகரில் பிறந்து, சிங் சிங் சிறைச்சாலை இருக்கும் ஆசினிங் ஊரில் வளர்ந்தார். அப்பா கடை வைத்திருந்தார். மூன்று வயதில் விழித்திரைப் புற்றுநோய் வந்து வலக்கண்ணை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கண் பொருத்தப்பட்டது. பள்ளி நாட்களில் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் தவறாக அவுட் கொடுத்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி, இது உமக்குத்தான் தேவைப்படும் என்று நீட்டியதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல மெருகேறிய கதையாகவும் இருக்கலாம். ராணுவத்தில் கண் காரணமாகச் சேர முடியாமல் வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போனார். பிறகு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். கனெக்டிகட் மாநில வரவுசெலவுத் துறையில், ஹார்ட்ஃபர்ட் நகரில், அலுவலகங்கள் எவ்வளவு திறமையாக இயங்குகின்றன என்று ஆராயும் வேலை. இடையில் சிஐஏவுக்கும் விண்ணப்பித்தார். கப்பல் சமையல்காரர்களின் தொழிற்சங்கத்தில் இருந்ததால் அங்கே கதவு திறக்கவில்லை.

மாலைகளில் உள்ளூர் அமெச்சூர் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தவரை எவா ல காலியென் என்ற பெரிய மேடை நடிகையின் வகுப்பு திசைதிருப்பியது. தொழில்முறை நடிகர்களுக்கான வகுப்பு அது. இவர் தான் தொழில்முறை நடிகர் இல்லை என்பதை மறைத்துத்தான் உள்ளே போயிருந்தார். உண்மை தெரிந்தபோது அந்த அம்மையார், நீ நடிகனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அரசு வேலையை விட்டபோது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1956இல் கிரீன்விச் வில்லேஜில் யூஜின் ஓநீலின் ‘தி ஐஸ்மேன் கமெத்’ நாடகத்தில் ஜேசன் ரோபார்ட்ஸுடன் மதுக்கடைப் பணியாளர் ராக்கியாக மேடையேறினார். கொலம்பியா ஸ்டுடியோவின் தலைவர் ஹாரி கோன் மட்டும், இதே சம்பளத்துக்கு இரண்டு கண் உள்ள நடிகன் கிடைப்பானே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த முரட்டுக் கணக்கு பொய்த்தது. 1960இல் வந்த ‘மர்டர், இன்க்.’ படத்தில் புரூக்ளின் கூலிக்கொலையாளி ஏப் ரெலஸாக நடித்ததற்கும், ஃபிராங்க் காப்ராவின் கடைசிப் படமான ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிரக்கிள்ஸ்’ (1961) படத்துக்கும் அடுத்தடுத்து சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1962இல் தக்காளி லாரி ஓட்டுநராக நடித்த ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு எம்மி விருது.

அதற்குப் பிந்தைய சில ஆண்டுகள் சுமார்தான். ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’, ‘தி கிரேட் ரேஸ்’ போன்ற கூட்டப் படங்களில் ஓரத்தில் ஓர் இடம். ‘தி ட்ரையல்ஸ் ஆஃப் ஓபிரையன்’ என்று ஒரே சீசனோடு நின்றுபோன வழக்கறிஞர் தொடர். அந்த நிலையிலேயே நின்றிருந்தால் அவரைச் சினிமாவின் நல்ல குணச்சித்திர நடிகர்களில் ஒருவர் என்று சொல்லி முடித்திருப்போம்.

கொலம்போ பாத்திரம் அவருக்காக எழுதப்பட்டதல்ல. அதை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் பள்ளிப்பருவத்திலிருந்தே கூட்டாக எழுதி வந்தவர்கள். 1960இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் அந்தத் துப்பறிவாளராக வந்தார். 1962இல் மேடையில் தாமஸ் மிட்செல். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகோவைச் சுற்றிச் சுற்றி வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரி பெத்ரோவிச்தான் மூலம் என்று ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். வெளியேறியவன் திரும்பி வந்து இன்னொரு கேள்வி கேட்கும் அந்தப் பெயர்பெற்ற உத்தி எப்படி வந்ததென்றால், தட்டச்சு செய்யும்போது கொலம்போவைக் காட்சியிலிருந்து முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். பக்கத்தை மறுபடியும் அடிக்கச் சோம்பல்பட்டுத் திரும்ப வரவைத்தார்கள். 1968இல் தொலைக்காட்சிப் படமாக்கியபோது பிங் க்ராஸ்பியின் பெயரும் அடிபட்டது. கடைசியில் ஃபால்க்குக்கு வந்தது. மழைக்கோட்டு, 1960களில் நியூயார்க்கில் ஒரு மழைநாளில் அவரே வாங்கிவைத்திருந்தது. பழைய பூஷோ 403 காரையும் யுனிவர்சல் ஸ்டுடியோவில் நின்ற வண்டிகளிலிருந்து அவரே பொறுக்கி எடுத்தார்.

இந்தத் தொடரின் கட்டமைப்பு நடிகனுக்கு வைக்கும் சோதனை போதிய அளவு பேசப்படவில்லை. கொலை முதலிலேயே நடந்துவிடுகிறது. கொலைகாரர் யார், எப்படிச் செய்தார், எல்லாம் பார்வையாளருக்குத் தெரியும். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத்தான் துப்பறிவாளர் வருகிறார். அப்படியென்றால் மர்மம் எங்கே இருக்கிறது? கொலம்போவின் மண்டைக்குள் மட்டும்தான். எந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது என்பதுதான் கதை. ஆனால் அவருடைய வீட்டை நாம் பார்ப்பதில்லை. மனைவியைப் பற்றி ஓயாமல் பேசுகிறார், அந்த அம்மாள் ஒருமுறைகூடத் திரையில் வருவதில்லை. அவர் மனதைத் திறந்துகாட்ட ஒரு நண்பனும் கிடையாது. எனவே ஒவ்வொரு தயக்கத்தையும் ஃபால்க் இரண்டு பேருக்காக நடிக்க வேண்டியிருந்தது: எதிரே இருக்கும் கொலைகாரர் அதை மந்தபுத்தி என்று நம்ப வேண்டும், நமக்கோ சந்தேகம் வர வேண்டும். 1968 படத்தில் இந்தச் சமநிலை இன்னும் கைவரவில்லை. தலைமுடி ஒழுங்காக வாரியிருக்கிறது, பேச்சில் கூர்மை வெளிப்படையாக இருக்கிறது, ஓரிடத்தில் ஒரு பெண்ணை அதட்டவே செய்கிறார். 1971 செப்டம்பரில் தொடரின் முதல் எபிசோடாக ‘மர்டர் பை தி புக்’ வந்தபோது அதட்டல் முழுக்க உள்ளே போயிருந்தது. அந்த எபிசோடை இயக்கியவர் இருபத்து நான்கு வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

வர்க்கம் இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கொலைகாரர்கள் இசைக்குழு நடத்துநர், ஒயின் உற்பத்தியாளர், அறுவைச் சிகிச்சை நிபுணர், நாவலாசிரியர், ராணுவப் பள்ளித் தலைவர். பெவர்லி ஹில்ஸ் வரவேற்பறைக்குள் கொலம்போ தவறான வாசல் வழியாக வந்த எலக்ட்ரீஷியன் மாதிரி நுழைகிறார். அந்த அறையில் இருப்பவர்களின் ஏளனம்தான் அவருடைய மூலதனம். டொனால்ட் பிளெசன்ஸ் ஒயின் பிரியராக நடித்த ‘எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்’ (1973) எபிசோடில் மட்டும் இருவருக்கும் நடுவே உண்மையான மரியாதை பிறக்கிறது. தொடரின் சிறந்த எபிசோடு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

பணக்கணக்குக்கு வருவோம். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஆண்டுக்கு இருபதுக்கும் மேல் எபிசோடுகள் எடுப்பது வழக்கம்; நாயகன் வேறெதற்கும் நேரமில்லாமல் ஸ்டுடியோவிலேயே கிடப்பான். என்பிசி இதைச் சுழற்சி முறையில் செய்தது. ‘மெக்ளவுட்’, ‘மெக்மில்லன் அண்ட் வைஃப்’, ‘கொலம்போ’ மூன்றும் ஒரே நேரத்தில் வாரத்துக்கு ஒன்றாக மாறிமாறி வரும். ஆகவே கொலம்போ பெரும்பாலும் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு எபிசோடுகள்தான், ஒவ்வொன்றும் விளம்பரத்தோடு ஒன்றரை மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரம். 1968இலிருந்து 1978 வரை மொத்தம் 45. சில ஆண்டுகளுக்குள் தொலைக்காட்சியில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஃபால்க் ஒருவரானார். நேரமும் பணமும் சேர்ந்தே கிடைத்தன. இரண்டையும் அவர் கசவெடிஸிடம் கொண்டுபோனார்.

அவர்கள் முதலில் சேர்ந்து எடுத்த ‘ஹஸ்பண்ட்ஸ்’ (1970) ஃபால்க்குக்கு இனிமையான அனுபவமாக இல்லை. நண்பன் ஒருவன் இறந்துபோக, மிச்சமிருக்கும் மூன்று நடுவயதுக்காரர்கள் குடித்துக் கூத்தடித்து லண்டன்வரை ஓடும் படம் அது. கசவெடிஸும் பென் கசாராவும் மற்ற இருவர். என்ன நடக்கிறது என்று புரியாமல் தவித்த ஃபால்க், இந்த மனிதரோடு இனி வேலையே இல்லை என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ கதையைப் படித்ததும் தானே ஐந்து லட்சம் டாலர் போட்டார். கசவெடிஸ் வீட்டை அடமானம் வைத்தார். விநியோகஸ்தர் யாரும் எடுக்க முன்வராததால் படத்தை அவர்களே திரையரங்குகளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நிக்கின் மனைவி மேபலாக வந்த ஜீனா ரோலண்ட்ஸுக்கு நடிப்புக்காகவும் கசவெடிஸுக்கு இயக்கத்துக்காகவும் ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. ஃபால்க்குக்கு எதுவும் இல்லை. பாராட்டு முழுவதும் ரோலண்ட்ஸுக்குப் போனதில் நியாயம் உண்டு, ஆனாலும் நிக் இல்லாமல் மேபல் இல்லை.

காலை உணவுக் காட்சியைப் பாருங்கள். இரவெல்லாம் தண்ணீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்துவிட்டு நிக் தன் சகாக்களைக் கூட்டமாக வீட்டுக்குக் கூட்டி வருகிறான். மேபல் எல்லோருக்கும் ஸ்பாகெட்டி போடுகிறாள். ஒருவர் பாடுகிறார், இன்னொருவரை அவள் ஆட அழைக்கிறாள், எல்லை மெல்ல மீறுகிறது. மேசையின் மறுகோடியிலிருந்து நிக் பார்த்துக்கொண்டிருக்கிறான். சிரிப்பு முகத்திலேயே இருக்கிறது, கை மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் அலைகிறது. பிறகு ஒரே ஒரு கத்தல். மேசை அடங்கிவிடுகிறது. கொலம்போவாக இருந்தால் இந்தத் தடுமாற்றத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி தயாராக இருக்கும். நிக்கின் பின்னால் ஒன்றுமே இல்லை. அவள்மேல் அன்பு இருக்கிறது, அந்த அன்புக்கு மொழி இல்லை. இருக்கும் மொழி அடிதான்.

கொடுக்கல் வாங்கல் மறுதிசையிலும் நடந்தது. 1972இல் ‘எட்யூட் இன் பிளாக்’ எபிசோடில் கசவெடிஸ் கொலைகார இசை நடத்துநராக வந்தார், ரோலண்ட்ஸ் 1975இல் ‘பிளேபேக்’ எபிசோடில் நடித்தார், கசாரா இரண்டு எபிசோடுகளை இயக்கினார். விளம்பரத்துக்காக ஓடும் ஒரு நெட்வொர்க் தொடருக்குள் அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் ஒரு கிளை இப்படிக் கூடுகட்டியிருந்தது.

பிந்தைய படங்களில் அந்தத் தயக்கம் வேறு பொருள்கள் ஏற்றது. ஆர்தர் ஹில்லர் இயக்கிய ‘தி இன்-லாஸ்’ (1979) நகைச்சுவையில் ஆலன் ஆர்கினின் சம்பந்தியாக வரும் ஃபால்க், தன்னை சிஐஏ ஆள் என்கிறார். பைத்தியமா, புளுகனா, உண்மையிலேயே உளவாளியா என்று ஆர்கினுக்கும் நமக்கும் விளங்குவதில்லை. நிஜத்தில் அவரை நிராகரித்த நிறுவனம் அது என்று தெரிந்து பார்க்கும்போது கூடுதலாக ஒரு சிரிப்பு வருகிறது. விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ (1987) படத்தில் பெர்லினுக்கு நடிக்க வந்த பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். தெருவில் இளைஞர்கள் அவரைக் கொலம்போ என்று அடையாளம் காண்கிறார்கள். அவர் ஒரு காலத்தில் தேவதூதராக இருந்து மனிதனானவர் என்பது பிறகு தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத தேவதூதரை நோக்கிக் கை நீட்டி, காபியின் சூட்டையும் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்ப்பதையும் பற்றித் தடுமாறித் தடுமாறிப் பேசுகிறார். அங்கே தயக்கம் பரிவு. அதே ஆண்டு ‘தி பிரின்சஸ் பிரைட்’ படத்தில் பேரனுக்குக் கதை படிக்கும் தாத்தா; அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

1989இலிருந்து 2003 வரை ஏபிசிக்காக அவர் நடித்த 24 கொலம்போ படங்களைப் பற்றி ரசிகர்கள் மென்மையாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்த மென்மை இல்லை. பார்வையாளர் கைதட்டக் காத்திருக்கும் முத்திரையாகத் தயக்கம் மாறிவிட்டது. நெற்றிக்குக் கை போவதற்கு முன்பே அது போகப்போகிறது என்று தெரிகிறது. பாட்ரிக் மெக்கூகன் இயக்கி நடித்த ‘அஜெண்டா ஃபார் மர்டர்’ (1990) விதிவிலக்கு. எதிரில் சமமான நடிகர் இருந்தால் ஃபால்க் விழித்துக்கொள்வார் என்பதற்கு அது சாட்சி. தொடரின் தாக்கம் என்னவோ குறையவில்லை. ஜப்பானில் கோகி மிதானி எழுதிய ‘ஃபுருஹாதா நின்சபுரோ’ (1994), ரையன் ஜான்சனின் ‘போக்கர் ஃபேஸ்’ (2023) இரண்டும் அதன் நேர் வாரிசுகள். புடாபெஸ்டில் நாயுடன் நிற்கும் கொலம்போவுக்கு 2014இல் சிலையே வைத்துவிட்டார்கள்.

அவருடைய ஆகச் சிறந்த வேலை இந்த வரிசைகள் எதிலும் சரியாக அடங்காத ஒரு படத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எலைன் மே எழுதி இயக்கிய ‘மைக்கி அண்ட் நிக்கி’. ஒரே இரவுக் கதை. கும்பல் தன்னைக் கொல்லத் தேடுகிறது என்று அஞ்சி விடுதியறையில் பதுங்கியிருக்கும் நிக்கி (கசவெடிஸ்), பால்ய நண்பன் மைக்கியை (ஃபால்க்) உதவிக்கு அழைக்கிறான். மைக்கி வருகிறான், நண்பனின் வயிற்றுப்புண்ணுக்காகக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பாலாடை வாங்கிவருகிறான், தேற்றுகிறான். கூடவே, அவர்கள் இருக்கும் இடத்தைக் கொலையாளிக்குத் தெரிவித்துக்கொண்டும் இருக்கிறான். இங்கே ஒவ்வொரு தாமதமும் இரண்டு விதமாகப் படிக்கக்கூடியது. கொலையாளி வந்துசேர நேரம் வாங்குகிறானா, நண்பன் தப்பிக்க நேரம் கொடுக்கிறானா? மைக்கிக்கே தெரியவில்லை. கொலம்போவின் தந்திரமும் நிக் லொங்கெட்டியின் இயலாமையும் ஒரே முகத்தில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

மே கேமராவை நிறுத்தவே இல்லை. சுமார் 14 லட்சம் அடி ஃபிலிம் ஓடியது. படத்தொகுப்பு நீண்டுகொண்டே போக, பாரமவுண்ட் வழக்குப் போட்டது, படச்சுருள்கள் காணாமல் போயின, 1976 டிசம்பரில் ஒப்புக்கு வெளியிட்டுக் கைகழுவினார்கள். மே அதன்பின் பத்தாண்டுக்கு மேல் எந்தப் படத்தையும் இயக்கவில்லை. ஃபால்க் 2011 ஜூன் 23 அன்று இறந்தபோது வந்த அஞ்சலிகளில் மழைக்கோட்டுதான் முன்னால் நின்றது. ‘மைக்கி அண்ட் நிக்கி’ செம்மைப்படுத்தப்பட்டு 2019இல் கிரைடீரியன் வெளியீடாக வந்தது. இப்போது அதைத் தேடிப் பார்க்கப் பெரிய சிரமமில்லை.