கிறிஸ்துமஸ் பின்னணி இசை: எது எளிமை?

2024 டிசம்பரில் கடலூர் நண்பர் ஒருவர் ஆறு நிமிட வீடியோ ஒன்றைத் தயார் செய்தார். சுனாமி வந்து இருபது வருடம். தேவனாம்பட்டினம் பக்கம் அவர் தெருவிலேயே திரையிடுவதாகத் திட்டம். முதல் ஒன்றரை நிமிடம் 2004 டிசம்பர் 25, சனிக்கிழமை. வாசலில் ஸ்டார், கேக், புதுச்சட்டையில் தம்பி. மேலே அவர் அம்மாவின் குரல். பிறகு 26, ஞாயிறு காலை. அதற்கப்புறம் எந்தப் போட்டோவிலும் தம்பி இல்லை.

"பின்னாடி சிம்பிளா ஒரு கிறிஸ்துமஸ் மியூசிக் போட்டுக் குடுடா. உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்றார்.

செம்மண்டலம் வீட்டில் மூன்று இரவு உட்கார்ந்து நாற்பது டிராக் கேட்டேன். இலவசத் தளங்களில் 'எளிமை' என்று பெயர் போட்டிருப்பவைதான். பெரும்பாலானவை தேறவில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் உதவும்.

முதலில் அந்தக் குலுங்குமணி. பனியில் வழுக்கிப்போகும் குதிரைவண்டிக்குச் சத்தம் கிடையாது. எதிரே வருபவர் விலகத்தான் குதிரைக்கு மணி கட்டினார்கள். ஜேம்ஸ் பியர்பாண்ட் 1857-ல் வெளியிட்ட 'ஜிங்கிள் பெல்ஸ்' அந்த வண்டிச் சவாரியைப் பற்றிய பாட்டுதான். வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இல்லை! அந்த மணியைப் போட்டால் காதில் பனி விழுகிறது. நம்ம ஊர் டிசம்பரில் விழுவது வடகிழக்குப் பருவமழை.

இரண்டாவது, குரல். பழைய தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். பேச்சு புரிய அதுவே போதும். பியானோ மெட்டின் பெரும்பகுதி அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. சத்தத்தைக் குறைத்தாலும் இடநெருக்கடி முழுசாகத் தீராது. என் சோதனை எளிது: அம்மா பேசும்போது ஒரு சொல் தவறினாலும் அந்த டிராக் அவுட். நாற்பதில் ஒன்பதுதான் மிஞ்சியது.

மூன்றாவது, உரிமை. மெட்டு பழசு என்பதால் இலவசம் என்று பலர் நினைக்கிறோம். மெட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 வருடம் தனி உரிமை உண்டு. உரிமக் குறிப்பைப் படிக்காமல் இறக்கக் கூடாது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றை வெறும் வீணையிலோ வயலினிலோ வாசித்து, பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட பதிவு ஒன்றுகூட என் தேடலில் சிக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் யோசிக்கலாம்.

கடைசியில் எடுத்தது 'சைலன்ட் நைட்', ஒற்றை கிதார். அந்தப் பாட்டு 1818-ல் ஆஸ்திரியாவின் ஓபன்டார்ஃப் என்ற ஊரில் முதலில் ஒலித்ததே கிதார் துணையோடுதான். தாலாட்டு நடை. தமிழிலும் சர்ச்சில் பாடுவதால் அம்மாவுக்குப் பழக்கமான மெட்டு. அவர் மூச்சு விடும் இடத்தில் கிதாரும் கொஞ்சம் நிற்கிறது. குறை இல்லாமல் இல்லை: ரொம்பப் பழகிய மெட்டு என்பதால் பார்ப்பவர் மனசுக்குள் பாட ஆரம்பித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் மெட்டு தொடங்கும் முன் வரும் வெறும் தந்தி மீட்டலை மட்டும் வெட்டி நீட்டினேன்.

26-ஆம் தேதிக்கு என்ன போடுவது என்று ஒரு சோக வயலினைப் பிடித்து வைத்திருந்தேன். அம்மா ஹெட்போனைக் கழற்றினார். "முதல்ல வந்தது நல்லா இருக்குப்பா. அதுக்கப்புறம் ஒண்ணும் வேணாம்."

வயலினை அழித்தேன். இப்போது அந்த வீடியோவில் 1:32-க்கு மேல் அவர் குரல் மட்டும்தான்.