வலியைப் பரிசு என்று சொல்லலாமா? பால் பிராண்டின் புத்தகத்தை முன்வைத்து

நரம்பு மண்டலத்தைப் பற்றிப் படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் பாடப்புத்தகம் எதையும் சொல்வதில்லை. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதி, 1993-இல் வெளிவந்த 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' புத்தகத்தைத்தான் சொல்வேன். யாரும் விரும்பாத பரிசு என்கிறார் வலியை. பின்னால் 'தி கிஃப்ட் ஆஃப் பெயின்' என்ற பெயரிலும் வந்தது. புத்தகத்தைச் சொல்லும்போதே கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுப்பேன்: தலைப்பை அப்படியே நம்பிடாதீங்க. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

பிராண்ட் நமக்கு அந்நியர் இல்லை. 1914-இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே வந்த கொஞ்ச நாளில் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போகிறார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், என் கையைப் பிடித்து அழுத்து என்கிறார். அந்த ஆள் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி உயிர்போகிறது. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் இவ்வளவு பலம் எப்படி? புத்தகத்தின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடுகிறது.

நம்ம பாடப்புத்தகம் நரம்பு மண்டலத்தை எப்படிச் சொல்லித்தரும்? மைய நரம்பு மண்டலம் என்றால் மூளையும் தண்டுவடமும். புற நரம்பு மண்டலம் என்றால் 12 சோடி மூளை நரம்புகள், 31 சோடி தண்டுவட நரம்புகள். படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். ஒரு நரம்பு உடம்பில் என்னதான் செய்கிறது என்பது அதில் கடைசிவரை புரியாது. பிராண்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார். ஒரு நரம்பு போய்விட்டால் அந்த மனிதருக்கு என்னவெல்லாம் போகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை 'ஷாக்' அடிக்குமே, அதுதான் அல்னார் நரம்பு. அந்த இடத்தில் அது எலும்புக்கும் தோலுக்கும் நடுவில், மேலாக ஓடுகிறது. தோலை ஒட்டி இருப்பதால் அங்கே குளிர்ச்சி அதிகம். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும்; நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களில் குடியேறுகிறது. முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால், முகம் என்று நரம்பு மேலாக வரும் இடங்களிலேயே பாதிப்பு அதிகம். உடம்பின் உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதி தப்பித்துவிடுகிறது. செங்கல்பட்டு நோயாளியின் பலத்துக்கு விடை இதுதான். பிடியை இறுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போகும் நரம்புக் கிளைகள் கிருமி தாக்கும் இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. செத்தவை உள்ளங்கையின் சின்னத் தசைகள் மட்டும்.

ஒரே நரம்புக்குள் மூன்று வேலைக்கான இழைகள் ஒன்றாக ஓடுகின்றன என்பதும் இங்கேதான் புரிகிறது. இயக்க இழை போனால் விரல் மடங்கிக்கொள்ளும். தன்னியக்க இழை போனால் வியர்வை நிற்கும், தோல் காய்ந்து பாளம்பாளமாக வெடிக்கும். உணர் இழை போனால் அந்த வெடிப்பு வலிக்காது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது கையும் காலும் மெல்ல அழிகின்றன. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்ற பழைய நம்பிக்கையை பிராண்டும் அவர் குழுவும் உடைத்தது இந்த வழியில்தான். விரல்களைத் தின்றவை கொதிக்கும் பாத்திரங்களும் ஆறாத புண்களும். சில நோயாளிகளுக்கு ராத்திரி தூக்கத்தில் எலிகள். காவலுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம். படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம் அது.

இங்கே தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் ஊசி குத்தும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம். அது சிரை, ரத்தக்குழாய். "கணுக்கால் நரம்பு அறுந்துபோச்சு" என்கிறோம். பெரும்பாலும் அது தசைநாண். யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். அழகான சொல், ஆனால் வேலூரில் நடந்ததை இந்த ஒரு சொல்லால் விளக்கவே முடியாது. அங்கே செத்தது நரம்பு. பிராண்ட் செய்தது, உயிரோடிருந்த தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டியது. அதற்கப்புறம் நோயாளி உட்கார்ந்து பழக வேண்டும். இதுவரை ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இனி வேறு வேலை செய்யணும் என்று மூளைக்குக் கற்றுத்தர வேண்டும். மூளையும் கற்றுக்கொள்கிறது.

வலிக்கு வருவோம். புத்தகத்தின் சிறந்த பகுதி என் கணக்கில் ஒரு தோல்வியைப் பற்றியது. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே செயற்கை வலி ஒன்றைத் தயாரிக்க முயல்கிறார்கள். கையுறையிலும் காலுறையிலும் அழுத்த உணரிகள். அழுத்தம் எல்லை மீறினால் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைச் சட்டை செய்யவில்லை. சரி, மின்னதிர்ச்சி கொடுப்போம் என்றார்கள். அது வேலை செய்தது, ஆனால் ஒரு வேலையை முடித்தே ஆகணும் என்று தோன்றினால் நோயாளி சுவிட்சை அணைத்துவிடுவார். வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்வார். வருஷக்கணக்கில் உழைத்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

'மூளை உத்தரவு போடும், உடம்பு கேட்கும்' என்கிற ராஜா-சேவகர் கதையை இந்தத் தோல்வி போல உடைக்கும் உதாரணம் வேறில்லை. நிஜமான வலி உங்களிடம் அனுமதி கேட்பதே இல்லை. சூடான சட்டியைத் தொட்டால் சேதி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கேயே ஒரு சுற்று முடிந்து கை விலகிவிடுகிறது. மூளைக்குத் தகவல் அப்புறம்தான். வலியைச் சுமக்கும் இழைகளிலும் இரண்டு வகை. மெல்லிய உறை போட்டவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் 'சுரீர்' என்பதைக் கொண்டுபோகும். உறை இல்லாதவை நொடிக்கு 1 மீட்டர் அளவில் நிதானமாக வரும். பின்னால் வரும் அந்த எரிச்சல் அவை கொண்டுவருவது. சட்டியில் கை பட்டதும் முதலில் சுரீர், ஒரு மூச்சு கழித்து எரிச்சல் என்று பிரிந்து வருவது இதனால்தான்.

இதைவிட நுட்பமான ஒன்றையும் பிராண்ட் கவனிக்கிறார். நாம் உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி இடம் மாறி உட்காருகிறோம். ரொம்ப தூரம் நடந்தால், நமக்கே தெரியாமல் பாதம் ஊன்றும் விதத்தை மாற்றுகிறோம். வலி என்று பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வராத சின்னச் சேதிகள்தான் இதைச் செய்யவைக்கின்றன. அவை வராத காலில் ஆணி குத்த வேண்டிய அவசியமே இல்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் சாதாரண அழுத்தமே புண்ணாக்கிவிடும்.

இதுவரை எனக்குப் புகார் கிடையாது. புகார் 'பரிசு' என்ற சொல்லில் தொடங்குகிறது. வலி இல்லாதவர்களோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவருக்கு வலி பரிசாகத் தெரிவது நியாயம்தான். பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2006-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வலியிழைகளில் சோடியம் நுழையும் ஒரு வாசலுக்கான மரபணு, எஸ்சிஎன்9ஏ, அவர்களிடம் வேலை செய்யவில்லை. தேடலுக்குத் தொடக்கமாக இருந்த சிறுவன் கையில் கத்தியைச் செருகித் தெருவில் வித்தை காட்டுகிறவன். பதினான்கு வயது முடியுமுன்னே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். பிராண்ட் பக்கம் சாட்சி சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே மரபணு வேறுவிதமாகப் பிழைத்தால் வாசல் தேவைக்கு மேல் திறந்துகொள்கிறது. அப்போது காயமே இல்லாமல் கையும் காலும் சிவந்து எரியும். எரித்ரோமெலால்ஜியா என்று பெயர். இதற்கும் எஸ்சிஎன்9ஏ-தான் காரணம் என்று 2004-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த வலி எதைப் பற்றி எச்சரிக்கிறது? எதைப் பற்றியும் இல்லை. நெருப்பில்லாமல் அலறும் மணி. கையை இழந்தவருக்கு இல்லாத கை வலிப்பதும் இந்த வகைதான். பரிசு என்ற சொல்லுக்குள் இவர்களுக்கு இடமே இல்லை.

பிராண்டுக்கு இது தெரியாமல் இல்லை. பயம், கோபம், தனிமை எல்லாம் வலியைக் கூட்டும் என்று எழுதும் பக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கிறது, மூளை அதைத் திறக்கவும் சாத்தவும் செய்யும் என்று மெல்சாக்கும் வாலும் 1965-இல் சொன்ன கருத்துக்குப் பக்கத்தில் வருகிறார். ஆனால் தலைப்பு அவரைப் பிடித்து இழுக்கிறது. பரிசு என்று ஒன்று இருந்தால் கொடுத்தவர் ஒருவர் இருக்கணுமே. அவருடைய விசுவாசம் அது, அதில் எனக்குச் சண்டையில்லை. மணியே கெட்டுப்போன ஆளிடம் போய் அது பரிசு என்றால் அவர் என்ன செய்வார்?

இன்னொரு புகாரும் உண்டு. இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றையும் ஒப்பிட்டு, வசதி கூடக்கூட மக்களுக்கு வலியைத் தாங்கும் திறன் குறைகிறது என்கிறார். இந்தியக் கிராமத்தார் வேதனையை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர்களாம். நம்ம ஊர் அரசு மருத்துவமனை வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து அது ஏற்றுக்கொண்ட மௌனம் என்று எப்படிச் சொல்ல முடியும்? கேட்பதற்கு ஆளில்லாத மௌனமாகவும் இருக்கலாம். கொல்லிமலையில் பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர் இதைத் தவறவிட்டது எனக்கு வருத்தம்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன் என்றால், இன்று நம் வீடுகளில் இந்தப் புத்தகம் பேசும் கால் சர்க்கரைக்காரரின் கால். கார்விலில் பிராண்டே இதைக் கண்டார்: நீரிழிவுக்காரர்களின் பாதப்புண்ணும் தொழுநோயாளிகளின் பாதப்புண்ணும் ஒரே மாதிரி இருந்தன. உள்ளங்காலிலிருந்து சேதி கொண்டுவரும் நரம்பு செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து கால்விரல்வரை ஒரே இழை, உயரமானவருக்கு ஒரு மீட்டருக்கும் மேல். இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் மேலிருந்துதான் வரணும். சர்க்கரை கெடுக்கத் தொடங்கும்போது ஆக நீளமான இழையின் நுனி முதலில் விழுகிறது. கையைவிடக் கால் முந்திக்கொள்வது அதனால்தான்.

என் பெரியப்பா ஒருவருக்குச் செருப்புக்குள் கிடந்த கல் நாள் முழுக்கத் தெரியவில்லை. அதே கால் ராத்திரியில் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பார். நிஜ ஆபத்தைச் சொல்லாத நரம்பு, இல்லாத நெருப்பைச் சொல்கிறது. பிராண்டின் புத்தகம் இந்தக் காலின் பகல் பாதியை அற்புதமாக விளக்கும். இரவுப் பாதிக்கு அதில் கொஞ்சமே உண்டு. எரிச்சல் இருப்பதால் "உணர்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. நரம்புத் தளர்ச்சி என்று யாரோ சொல்ல, சத்து மாத்திரையும் ஓடியது. மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும், அப்போது பி12 சரியான மருந்துதான். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரை கட்டுக்குள் வராமல் 'நரம்பு மாத்திரை' மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை.

எந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு நைலான் இழை போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் சில இடங்களில் வளையும்வரை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் காப்பு உணர்ச்சி போய்விட்டது என்று கணக்கு. கால் எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி. இந்த எல்லை அளவும் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்து வந்ததுதான். சோதனை முடிய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும்.